உப்பேரியும் இரு மன்றாட்டுகளும்

திருப்பலி நூலில் பல்வேறு தேவைகளுக்கான மன்றாட்டுகள் என்றொரு பகுதி உண்டு. அதைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கும். மழை வேண்டி ஒரு மன்றாட்டு அங்கே இருக்கிறது; வானம் தெளிய வேண்டியும் ஒரு மன்றாட்டு இருக்கிறது; புயல் விலக வேண்டி வேறொன்றும் இருக்கிறது. ஒரே திருச்சபை, ஒரே இறைவனிடம், ஒன்றுக்கொன்று மாறான இவற்றைத் தயக்கமின்றிக் கேட்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரில் பங்குப் பணி செய்யும் குருவுக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதி மக்கள் இவ்விரு மன்றாட்டுகளுக்கும் ஆழமாக 'ஆமென்' சொல்லியவர்கள்.

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை எவரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, நிலம் பிளந்து கிடந்தன. தண்ணீர் லாரி வரும் நேரத்தை ஒட்டியே திருப்பலி நேரத்தை மாற்றச் சொன்ன தாய்மார்கள் உண்டு. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில், மிக்ஜாம் புயல் கரையோரமாக மெல்ல நகர்ந்து, கொட்டித் தீர்த்தது. அது ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது டிசம்பர் 5-ஆம் நாள். ஆனால் அதற்குள் எங்கள் தெருக்கள் கால்வாய்களாகி விட்டன. பங்கின் சமூகக் கூடத்தைத் திறந்து விட்டோம். பாய்களும் பால் பொட்டலங்களும் கைக்குழந்தைகளுமாக மக்கள் வந்து தங்கினார்கள். அன்று மாலை செபமாலையின் முடிவில் நாங்கள் கேட்டது ஒன்றே: ஆண்டவரே, இந்த மழையை நிறுத்தும்.

அந்தக் கூடத்தில் மனைவியோடும் ஆறு மாதக் குழந்தையோடும் ஓர் இளைஞர் இருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர். பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். நள்ளிரவில் தந்தையோடு கைப்பேசியில் பேசிவிட்டு என்னிடம் வந்து, மெல்லச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஃபாதர், நாம இங்க மழை நிக்கணும்னு செபம் பண்றோம். எங்கப்பா, ஆத்துத் தண்ணி இன்னும் நல்லா வரட்டும்னு வேண்டிக்கிட்டு இருக்காரு."

ஒரே குடும்பம், இரண்டு மன்றாட்டுகள். எங்கள் மறைமாவட்டத்திற்குள்ளேயே, எங்கள் வருவாய் மாவட்டமான திருவள்ளூருக்குள்ளேயே, ஆவடியிலிருந்து சாலை வழியே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஏரி அது. அங்கே ஒரு முதியவர் வேண்டி நின்றதை நாங்கள் வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருந்தோம். இறையியல் பயின்றவனை உறங்க விடாத கேள்வி இது. இறைவன் எந்த மன்றாட்டைக் கேட்பார்?

பழவேற்காடு நம் கத்தோலிக்கர்க்குப் புதிய ஊரன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்திறங்கிய காலத்து மரபைக் கொண்டது அங்குள்ள மகிமை மாதா திருத்தலம். அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் வந்து 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். இன்று கோட்டையின் சிதைவுகளும், செதுக்கு வேலை நிறைந்த கல்லறைகளுமே எஞ்சியுள்ளன. வணிகர்களும் ஆளுநர்களும் மறைந்தார்கள்; ஏரி மட்டும் இருக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இதுவே. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலுமாகப் பரந்து கிடக்கும் இதன் பெரும்பகுதி ஆந்திராவைச் சேர்ந்தது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு படுத்திருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. விண்கலங்கள் புறப்படும் அந்தத் தீவின் பின்புறத்தில், முழங்கால் ஆழத் தண்ணீரில் இருளர் இனப் பெண்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள்.

இந்த ஏரியின் பரப்பு இவ்வளவு என்று ஒரே எண்ணால் சொல்ல இயலாது. நீர் வற்றிய வேளையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர். நிறைந்த வேளையில் சுமார் 460 சதுர கிலோமீட்டர். இதன் உப்பும் அப்படித்தான். கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு இருக்கும். பழவேற்காட்டில் அடைமழைக் காலத்தில் இது ஏறத்தாழ ஒன்றுமில்லாத அளவுக்கு இறங்கிவிடும். வறண்ட மாதங்களிலோ 50 பங்கையும் தாண்டிவிடும். கடலைவிட உப்பான ஏரி, சில வாரங்களில் கிணற்று நீரைப் போலாகிறது. பின்பு மீண்டும் உப்பாகிறது.

இந்த ஏற்ற இறக்கத்திற்குக் காரணம் வானமே. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. ஆந்திராவில் பிறந்து ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியே வரும் ஆரணி ஆறு தெற்கிலும், காளங்கி ஆறு வடமேற்கிலும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள ஏரியாதலால் நீர்மட்டம் விரைவில் உயர்கிறது. உயர்ந்த நீர் கடலை நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல் திட்டு உடைந்து, வழி திறக்கிறது. அதன்பின் ஒவ்வோர் ஓதத்திலும் கடல் உள்ளே வந்து போகிறது. கடலில் முட்டையிட்டுப் பொரித்த வெள்ளை இறாலின் குஞ்சுகள் அந்த வாசல் வழியேதான் ஏரிக்குள் நுழைகின்றன. உணவு மிகுந்த ஆழமற்ற நீரில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை மீனும் கடலுக்கும் காயலுக்குமாக இப்படியே வாழ்கிறது.

மார்கழி முதல் பங்குனி வரை உப்பு மெல்ல ஏறுகிறது. ஆற்று வண்டலை உண்டு பாசிகளும் சிற்றுயிர்களும் பெருகுகின்றன. அவற்றைத் தேடிப் பூநாரைகள் வருகின்றன. அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, நாக்கால் நீரை இறைத்து, சிற்றுயிர்களை மட்டும் வடிகட்டி உண்ணும் பறவை அது. அதன் இளஞ்சிவப்பு நிறமும் அந்த உணவிலிருந்தே வருகிறது. அதற்கும் அளவு வேண்டும். மழை மிகுந்து நீர் ஆழமானால் அதன் கால் தரையில் ஊன்றாது. மழை பொய்த்துச் சேறு காய்ந்தால் வடிகட்ட ஒன்றுமிராது.

சித்திரை, வைகாசியில் வெயில் நீரை உறிஞ்சுகிறது. வடபகுதியில் பெரும்பரப்பு வெண்மையான உப்புச் சேறாகிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்து அலைகள் கரையோர மணலை வடக்கு நோக்கித் தள்ளி முகத்துவாரத்தை நெரிக்கின்றன. வாசல் மூடிவிட்டால், உள்ளிருக்கும் நீருக்கு வெயில் ஒன்றே துணை. உப்பு மிகுந்த நீர் மீனின் உடலிலிருந்து நீரை வெளியே இழுக்கும். அதை எதிர்த்து உடலின் நீரைக் காப்பதற்கே மீன் தன் வலிமையைச் செலவிட வேண்டும். வெப்பமும் உப்பும் ஏறிய நீரில் உயிர்வளியும் குறைவாகவே கரையும். உண்ட உணவெல்லாம் உயிர் பிழைக்கவே போய்விட்டால் வளர்வது எப்படி?

2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அந்த இளைஞர் என்னைத் தம் தந்தையிடம் அழைத்துச் சென்றார். அதற்குக் காரணம் இருந்தது. பழவேற்காட்டு மீனவர்களிடையே 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஊரார் கூடி, சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வர். வலியவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. முறை சுற்றி வரும். தந்தைக்கு வயதாகிவிட்டது, மகன் தொழிற்சாலைக்கு வந்துவிட்டார். குடும்பத்துக்குரிய அந்தப் பாட்டை விட்டுவிடலாமா, வைத்துக்கொள்வதா என்பதே கேள்வி. மகனுக்கு ஏரியில் நம்பிக்கை இல்லை. "மாசச் சம்பளம் வருது ஃபாதர், ஏரியில என்ன வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மாதச் சம்பளம் சிறிய காரியமன்று.

பாடு என்ற சொல்லைக் கேட்டதும் கிறிஸ்தவத் தமிழன் மனம் வேறெங்கோ போகும். நமக்குப் பாடுகள் என்றால் ஆண்டவரின் திருப்பாடுகள். அவர்களுக்குப் பாடு என்றால் வலை கட்டும் முறை. பாடுபட்டு உண்பவன் என்று உழைப்பாளியைச் சொல்லும் நம் மொழி, இம்மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. தவக்காலத்தில், சிலுவைப் பாதை முடித்த கையோடு, அந்தக் கரையில் நின்றபோது அது வெறும் சொல் ஒற்றுமையாக எனக்குப் படவில்லை.

முதியவர் படகின் விளிம்பில் அமர்ந்து, ஏரி நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். கடலைவிடச் சற்றுக் குறைந்த கரிப்பு. "இதுதான் சாமி நல்ல தண்ணி" என்றார். நன்னீரை அவர் 'நல்ல தண்ணி' என்று சொல்லவில்லை, கடல்நீரையும் சொல்லவில்லை. பின்பு முகத்துவாரத் திசையைக் காட்டிப் பேசினார்: "நீங்க மழை நிக்கணும்னு பூசை வைப்பீங்க. வைக்கத்தான் வேணும், புள்ளைங்க இருக்குதே. ஆனா ஆத்துத் தண்ணி வந்து தள்ளினாத்தான் மொகம் தெறக்கும். மொகம் தெறந்தாத்தான் எறா உள்ள வரும். அந்த மழை மொத்தமா ஒரே நாள்ல வந்தா எங்களுக்கும் ஆகாது. படகு, வலை எல்லாம் போயிடும். வரவேண்டிய நாள்ல, வரவேண்டிய அளவுல வரணும்."

பூந்தமல்லி குருத்துவக் கல்லூரியில் இறையியல் பயின்ற நாள்களில் எசேக்கியேல் நூலின் 47-ஆம் அதிகாரத்தை விரிவாகப் படித்திருக்கிறோம். கோவிலின் வாயிற்படியிலிருந்து நீர் புறப்பட்டு, கணுக்கால், முழங்கால், இடுப்பு என ஆழமாகி, பெரிய ஆறாகிச் சாக்கடலில் விழுகிறது. உயிரற்ற அந்த உப்புக் கடல் நலம் பெறுகிறது; அதன் கரையில் மீனவர் நின்று வலை விரிக்கின்றனர். பாஸ்காக் காலத்தில் திருமுழுக்கு நீருக்கு அடையாளமாக நாம் கொள்ளும் காட்சி இது. ஆனால் அங்கே 11-ஆம் வசனத்தில் ஒரு சிறு குறிப்பு வருகிறது. சுற்றியுள்ள சேற்று நிலங்களும் சதுப்புகளும் மட்டும் நன்னீராக மாறா. அவை உப்புக்கென விடப்படும் என்கிறார் இறைவாக்கினர். இறைவனின் அருள்நீர் தொட்ட பின்னும் ஏன் ஒரு பகுதி உப்பாகவே இருக்க வேண்டும்? விளக்கவுரையாளர்கள் கூறும் மறுமொழி எளியது: உணவுக்கும் பலிக்கும் உப்பு வேண்டும். தானியப் பலி ஒவ்வொன்றிலும் உப்பு சேர்க்கப்பட வேண்டும் என்பது லேவியர் நூலின் கட்டளை. இறைவன் தரும் நலம் என்பது எல்லாவற்றையும் ஒரே சுவையாக்குவதன்று. நன்னீர் தன் இடத்திலும் உப்பு தன் இடத்திலும் இருப்பதே நலம்.

விவிலியத்தில் உப்புக்கு இரு முகங்கள் உள்ளன. அபிமெலக்கு தான் அழித்த நகரின் மேல் உப்பைத் தூவினான். அது சாவின் அடையாளம். எலிசாவோ எரிகோவின் கெட்ட நீரூற்றில் உப்பைப் போட்டு அதை நலமாக்கினார். அது வாழ்வின் அடையாளம். தீர்த்தம் மந்திரிக்கையில் உப்புக் கலக்கும் வழக்கம் அந்த எலிசாவை நினைந்தே வந்தது. உப்பு ஒன்றுதான், அளவும் இடமும் வேளையுமே அதைச் சாவாகவோ வாழ்வாகவோ ஆக்குகின்றன. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொன்ன நம் முன்னோர், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்றும் சொல்லி வைத்தார்கள். மழை மறுக்கப்பட்டால் பெருங்கடலுக்கும் குறை வரும் என்ற கருத்தை வள்ளுவர் வான்சிறப்பில் வைத்ததன் பொருள், பழவேற்காட்டைப் பார்த்தவனுக்கு விளங்கும்.

அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. இராஜஸ்தானின் சாம்பர் உப்பேரியில் 2019 நவம்பரில் ஏறத்தாழ 18,000 பறவைகள் மடிந்தன. நல்ல மழையால் நிரம்பிய ஏரி வற்றத் தொடங்கிய வேளையில், உயிர்வளி குறைந்த சேற்றில் பெருகும் ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டனர். நஞ்சுண்டு இறந்த பறவையின் உடலில் புழுக்கள். அவற்றைத் தின்ற பறவைக்கும் சாவு. மறுபுறம், சிலிகா ஏரியில் முகத்துவாரம் தூர்ந்து, உப்புக் குறைந்து, களைகள் மண்டி, மீன்வளம் சரிந்தபோது, 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாசல் ஒன்றைத் திறந்தார்கள். உப்பு திரும்பியது; மீனும் இறாலும் திரும்பின. எசேக்கியேல் கண்ட அதே சாக்கடலோ, யோர்தான் நீரை மனிதர் வழியிலேயே எடுத்துக்கொள்வதால், இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துகொண்டே போகிறது.

இப்போது வானத்தின் ஒழுங்கே மாறி வருகிறது. கடல் வெப்பமடைகிறது, வெப்பமடைந்த காற்று மிகுந்த ஈரத்தைச் சுமக்கிறது, எனவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. இரண்டு திங்களில் பரவிப் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் பெய்தால், ஆவடிக்கு அது வெள்ளம். ஏரிக்கும் அது நன்மையன்று. திடீரென உப்பு இறங்கும்போது இடம்விட்டு நகர முடியாத மட்டியும் ஆளியும் சாகின்றன. வந்த நீர் விரைந்து கடலுக்குப் போய்விட, அதன்பின் நீண்ட வறட்சி எஞ்சுகிறது. கடல்மட்டமும் உயர்ந்து வருகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' திருமடல், பொதுநன்மை என்னும் நம் பழைய இறையியற் சொல்லைத் தட்பவெப்ப நிலைக்கும் விரித்துரைத்தது. ஆவடியின் நன்மையும் பழவேற்காட்டின் நன்மையும் ஒரே பொதுநன்மையின் இரு பகுதிகள் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இந்த இடத்தில் என் முதற் கேள்விக்கு ஒரு விடை தோன்றுகிறது. தந்தையும் மகனும் எதிரெதிராக மன்றாடியதாக நான் எண்ணினேன். உண்மையில் மழை இருவருக்கும் பகையன்று. எங்கள் பகுதியில் அம்பத்தூர் ஏரி நிறைந்து கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மேலும் கிழக்கேயும் நீர் செல்லும்படி முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாக அமைத்தார்கள். மழையை வாங்கி, வைத்திருந்து, மெல்ல விடும் கருணை அந்த ஏரிகளுக்கு இருந்தது. நாம் வரத்துக் கால்வாயில் வீடு கட்டினோம்; ஏரிக்குள் கழிவுநீரை விட்டோம்; பின்பு மழையை நிறுத்தும்படி இறைவனிடம் கேட்டோம். அவ்வாறே ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே உள்ள வாசல்களை நெருக்கிவிட்டு, இறாலைக் கொடு என்று கேட்கிறோம். திருப்பலி நூலின் மன்றாட்டுகள் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அவை இரண்டும் சேர்ந்து கேட்பது உரிய வேளையையும் உரிய அளவையும்தான். அவ்வளவைக் காக்கும் பொறுப்பில் ஒரு பங்கு, தோட்டத்தைப் பண்படுத்திப் பேணும்படி தொடக்கத்திலேயே மனிதனிடம் விடப்பட்டது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அவ்வாண்டு மாதாவின் வணக்க மாதமான மே மாதத்தில் மீண்டும் பழவேற்காடு சென்றேன். முதியவர் சொல்லாமலேயே நீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கரிப்பு கசப்பாக மாறியிருந்தது. அவர் வலையைப் பழுது பார்த்துக்கொண்டு, அடுத்த ஐப்பசியைப் பற்றிப் பேசினார். இறையியல் நூல்களில் எதிர்நோக்கு என்ற தலைப்பில் எத்தனையோ பக்கங்கள் படித்திருக்கிறேன். காய்ந்த ஏரிக்கரையில், முறை வருமுன்னே வலையைச் சீராக்கும் விரல்களைப் பார்த்தபின் அப்பக்கங்களுக்கு ஓர் உருவம் கிடைத்தது.

அந்த இளைஞர் என்னிடம் மீண்டும் அறிவுரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் வேலையை விடவில்லை, பாட்டையும் விடவில்லை. முறை வரும் நாள்களை ஒட்டி விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குச் செல்கிறார். அது எத்தனை ஆண்டு இயலும் என்பது ஏரியின் கையிலும், தொழிற்சாலை மேற்பார்வையாளரின் கையிலும் இருக்கிறது. சில ஞாயிறுகளில் எங்கள் பங்கின் பாடகர் குழுவில் அவர் குரல் இருப்பதில்லை. அன்று மகிமை மாதா கோவிலில் தந்தையோடு திருப்பலி கண்டிருப்பார் என்று எண்ணிக்கொள்வேன்.

அடைமழைக் காலத்தில் எங்கள் நம்பிக்கையாளர் மன்றாட்டில் இப்போது ஒரு வேண்டுதலைச் சேர்த்திருக்கிறோம். மழை வேண்டாம் என்றும் சொல்வதில்லை. மழை மட்டும் வேண்டும் என்றும் சொல்வதில்லை. எங்கள் இல்லங்கள் காக்கப்படவும், எங்கள் ஏரிகள் நிறையவும், ஆரணி ஆறு கடல்வரை செல்லவும், பழவேற்காட்டின் முகத்துவாரம் திறக்கவும் வேண்டுமென்று கேட்கிறோம். முதன்முறை அதை வாசித்தபோது, பழவேற்காடு எங்கே வந்தது என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது கார்த்திகை பிறந்ததும், முகத்துவாரம் திறந்துவிட்டதா ஃபாதர் என்று அவர்களே கேட்கிறார்கள்.